ஆள் இல்லாத இடம் தேடுகிறவர்

பேரங்காடியில் பில் போடும் வரிசைகளில் எதன் முன்னால் ஆளே இல்லையோ, அதன் முன்னால் போய் நிற்கிறார். கூடையை மேடைமேல் வைத்து, சோப்பு, பல்பு, ரொட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார். பக்கத்து வரிசைகளில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்க்கிறார். இவர்கள் எதற்காக இப்படி முட்டி மோதுகிறார்கள் என்ற பரிதாபம் அந்தப் பார்வையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து கடைப்பெண் ஒருத்தி வந்து, இந்த இயந்திரம் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை என்கிறாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. அடுக்கியதையெல்லாம் மறுபடி கூடையில் போட்டுக்கொண்டு நீளமான வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்கிறார். அடுத்த வாரமும் இதேதான் நடக்கும்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் ‘காலி சீட்’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தலைமுடி பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. துணிக்கடையில் யாரும் தொடாமல் கிடக்கிற நிறத்தில்தான் சட்டை எடுப்பார், அதனால் தூரத்தில் வரும்போதே அவர்தான் என்று தெரிந்துவிடும். சாப்பிடப் போனால் ஈ காக்கை இல்லாத கடையாகப் பார்த்து நுழைவார். அங்கே ஏன் ஆள் இல்லை என்பது மறுநாள் காலை அவர் வயிற்றுக்குத் தெரியும். அவர் மனைவி அவரோடு வெளியே சாப்பிடுவதை விட்டு வெகு காலமாகிறது.

நான் அதே கட்டடத்தில் அவருக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். எங்களுக்குள் பொதுவாக இருப்பது மாடிப்படி ஒன்றுதான். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. குறுகலான படிகள் பாதியில் ஒரு திருப்பம் திரும்பி மேலே ஏறும். அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்துதான் அவர் போன் பார்ப்பார். வீட்டுக்குள் இருந்தால் மனைவி ஏதாவது வேலை சொல்வார், வாசலில் நின்றால் யாராவது பேச வருவார்கள். இரண்டுக்கும் நடுவே இது தோதான இடம். நான் ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்காலை மடக்கி வழிவிடுவார். எங்கள் பழக்கம் அப்படி வந்ததுதான்.

வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். சுமக்கிற வேலை இல்லை. முன்கூட்டியே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், சாமான்களையும் வாசலையும் படிக்கட்டையும் பார்த்து, எத்தனை ஆள் வேண்டும், என்ன வண்டி வேண்டும் என்று சொல்கிற வேலை. பிறகு அந்த நிறுவனத்தார், வீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டார்கள். இவருக்கு ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது.

வேலை போனவர்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். போனில் வீடியோ பார்த்தார். சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கி எழுதினால் ஆட்கள் வந்து படிப்பார்கள், விளம்பரம் வரும், வீட்டிலிருந்தபடியே பிழைக்கலாம் என்று அதில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அதற்கு அவர் சொன்ன வழி ஒன்றே ஒன்று. கூட்டம் இருக்கும் விஷயத்தை எழுதாதே, போட்டி இல்லாத விஷயமாகப் பார்த்துப் பிடி. காலி சீட் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு என்னைப் படியில் நிறுத்தி வைத்து அந்த வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டினார். முடிந்ததும், “நான் இத்தன நாளா பண்ணிட்டு இருந்ததுதான் சார் இது. இதுக்கு ஒரு தொழில் இருக்குன்னு தெரியாமப் போச்சு,” என்றார்.

பிறகு தேடல் ஆரம்பமாயிற்று. ஒரு விஷயத்தை யோசிப்பார், தேடுபெட்டியில் அடிப்பார், வந்து விழும் பக்கங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். இணையத்தைப் பற்றிப் பேசும்போது பேருந்தைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். வீட்டுச் செடிகளா, நிற்க இடமில்லை. மீன் தொட்டியா, படிக்கட்டு வரைக்கும் தொங்குகிறார்கள். ஒருநாள் மிகவும் மனம் உடைந்து போய், “குடை ரிப்பேருக்கே ஆளுங்க துண்டு போட்டு உக்காந்திருக்காங்க சார். உலகத்துல ஒரு மனுசன் சும்மா இல்ல போலிருக்கு,” என்றார்.

விஷயம் பெரிதாக இருந்தால் கூட்டம் இருக்கும், குறுக்கிக்கொண்டே போ என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். இவர் குறுக்கினார். செடியைக் கள்ளிச்செடியாக்கினார், கள்ளிச்செடியை வீட்டுக்குள் வளரும் கள்ளிச்செடியாக்கினார், கடைசியில் ஜன்னல் இல்லாத குளியலறையில் வளரும் கள்ளிச்செடியில் போய் நின்றார். அங்கே நிஜமாகவே யாரும் இல்லை. அந்தச் செடியும் அங்கே வளராது என்பதுதான் சிக்கல். ஒன்றை வாங்கிக் குளியலறையில் வைத்துப் பார்த்தார், அது அழுகிப் போயிற்று.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்கிறவர். வலியோடு வருகிறவர்களிடம் நாளெல்லாம் பேசிப் பேசி, சுற்றி வளைக்காமல் பேசும் பழக்கம் வந்துவிட்டது. எல்லாத் தேடலையும் அவர் ஒரே கேள்வியில் நிறுத்தினார். “ஏங்க, ஒருத்தர்கூட எழுதலன்னா, அது ஒருத்தருக்குமே வேணாம்னு அர்த்தம் இல்லையா?”  இவர் யோசித்துச் சொல்கிறேன் என்று படிக்கு வந்துவிட்டார். என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார், நான் சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவினேன்.

இதற்கிடையில் மனைவியின் அண்ணன் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஆள் நல்லவர், குரல்தான் கொஞ்சம் பெரிது. அவர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் மாதக் கடைசியோடு வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். அந்த இடத்துக்குத் தங்கை கணவர் வந்துவிடட்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்து, தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். “காலி சீட்டுன்னா உங்களுக்குத்தான் பிடிக்குமே மாப்ள. இதோ ஒண்ணு காலியாகுது, வந்து உக்காருங்க.” அந்த நகைச்சுவையை அவரே வெகுவாக ரசித்தார்.

இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் படியில் உட்கார்ந்து, அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் நடப்பதைச் சொன்னார். வருகிற ஒவ்வொருவரிடமும் மச்சான் இவரை அறிமுகப்படுத்துவாராம். பெயரைச் சொல்ல மாட்டார், தங்கச்சி வீட்டுக்காரர் என்பார். “தப்பா ஒண்ணும் சொல்லல சார். ஆனா அங்க போய் உக்காந்தா, சாகுற வரைக்கும் நான் தங்கச்சி புருஷன்தான். வேற ஆளா ஆகவே முடியாது,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. படிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம்தான் என்னுடைய புத்தக அலமாரி வந்தது. கனமான, ஒரே துண்டாகச் செய்த மர அலமாரி. தூக்கி வந்தவர்கள் படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் அலமாரி, அதற்கப்பால் வீட்டுக்குப் போக முடியாமல் நான். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார் இவர். வாயில் பல் துலக்கும் பிரஷ். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கம் நின்றவரிடம், “அத நெட்டா நிறுத்துங்க. படுத்துக்கிட்டே வராது. நின்னுக்கிட்டுத்தான் திரும்பும்,” என்றார். அவர்கள் நிறுத்தினார்கள். அலமாரி சமர்த்தாகத் திரும்பி மேலே போயிற்று. இவர் வாயைக் கொப்பளிக்க உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நன்றி சொன்னபோது, இதை யாராவது எழுதி வைத்தால் உபயோகமாக இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் டைல்ஸ் கடைக்காரர் என்மேல் பழி போட்டபோது இதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

இவர் போனை எடுத்துத் தேடினார். படிக்கட்டுத் திருப்பத்தில் அலமாரி ஏற்றுவது எப்படி என்று அடித்தார். அலமாரி விற்கிறவர்கள் வந்தார்கள், படிக்கட்டு கட்டுகிறவர்கள் வந்தார்கள், ஒன்றை மற்றொன்றில் ஏற்றச் சொல்லித் தருகிறவர் நம் மொழியில் ஒருவரும் வரவில்லை. திருப்பித் திருப்பி வேறு வேறு சொற்களில் அடித்துப் பார்த்தார். காலி, சுத்தமாகக் காலி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது தேடல் முடிவு அல்ல. வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வீட்டுப் படிகளையே பார்த்த மனிதர், படியில் உட்கார்ந்துகொண்டே குடையையும் கள்ளியையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டதற்கு, “இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன் சார்,” என்றார்.

மனைவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நியாயமான ஒரு நிபந்தனை வைத்தார். மாதக் கடைசி வரை அவகாசம். வீட்டு மனிதர் அல்லாத, முகம் தெரியாத ஒரே ஒருவர் இவர் எழுதியதைத் தேடி வந்து, அதனால் ஒரு காரியமும் ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் அண்ணனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஆகாவிட்டால் ஒன்றாம் தேதி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட வேண்டியது.

இவர் எழுத உட்கார்ந்தார். எழுத்து அவருக்கு வந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் கட்டுரையில் சோபாவைப் பற்றிச் சொல்ல வந்து, சோபாவை வாங்கவே வாங்காதீர்கள் என்று முடித்திருந்தார். ஆனால் இரண்டு மூன்று எழுதியபின் பேச்சு மாதிரியே வர ஆரம்பித்தது. வாசல் அகலத்தை அளப்பதைவிடத் திருப்பத்தின் உயரத்தை அளப்பது முக்கியம் என்பார். நாற்காலி எந்தக் கோணத்திலும் போய்விடும், அதைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்க மாட்டேன் என்பார். காகிதம் ஏது என்று நான் கேட்கவில்லை.

தளத்துக்கு எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. முதல் வாரமே அதில் ஆட்கள் தென்பட்டார்கள். நாலைந்து பேர்தான், ஆனால் தவறாமல் தினமும். மத்தியானம் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று நேரம் வைத்துக்கொண்டு வந்தார்கள். இவர் நடை மாறிவிட்டது. படியில் என்னைப் பார்த்தால் முழங்காலை மடக்குவதற்குப் பதிலாக எழுந்து நின்றார். வழக்கமான வாசகர்கள் என்று ஒரு பேச்சே வந்துவிட்டது. வழக்கமான வாசகர்களுக்குப் பீரோவைப் பற்றி எழுதினால் பிடிக்குமா, கட்டிலைப் பற்றி எழுதினால் பிடிக்குமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் டீ. மச்சானும் வந்திருந்தார். இவர் பெருமையாகப் போனை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். மனைவி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மத்தியானம் வருவது தான்தான் என்றார். சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனைக் கணினியில், யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்ப்பாராம். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாயங்காலம் கடையிலிருந்து தானும் பார்ப்பதுண்டு என்றார். இவர் தளத்தை எப்போது மூடுவார் என்று தெரிந்துகொள்ளத்தானாம். நான் என் பங்கை ஒப்புக்கொண்டேன். மீதியிருந்தவர் இவரேதான், பழைய போனிலிருந்து ஒரு முறை, புதிய போனிலிருந்து ஒரு முறை. ஆள் வந்ததா என்று எட்டிப் பார்த்த நாங்கள்தான் அதுவரை வந்த ஆட்கள்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் இவருக்கு அதிகம் வலித்திருக்கும். அவர் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து இவர் பக்கம் நகர்த்தி, கடை ஒன்பது மணிக்குத் திறக்கும், முதல் நாள் மட்டும் தானே வந்து காரில் அழைத்துப் போவதாக மெதுவான குரலில் சொன்னார்.

அன்று முதல் அந்தத் தளத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்று நாங்கள் நால்வரும் வாக்குக் கொடுத்துக்கொண்டோம். அந்தப் பக்கத்தில் பூஜ்யம்தான் வந்திருக்கும், மறுநாளும் பூஜ்யம். இவருக்கு அது தெரியாது. பார்க்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்தவர், பார்க்காமலே இருந்தார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. யாருக்கு என்று கேட்டேன். “எழுதுனது பாதில நிக்குது சார். திருப்பத்துல விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு,” என்றார். கட்டில் பற்றிய கட்டுரையை முடித்துப் போட்டார்.

மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது அந்தக் கட்டுரையின் அடியில் ஒரு கேள்வி வந்திருப்பதாக அவர் போனுக்குத் தகவல் வந்தது. எழுதியவர் ஒரு பெண். அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார், நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கிற இரும்புக் கட்டில் வாங்கியாயிற்று. வீடு மாடியில். கொண்டு வந்தவர்கள் திருப்பத்தில் முயன்று பார்த்துவிட்டு, இது ஏறாது என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கழற்ற முடியாத, பற்றவைத்த கட்டில். அம்மாவைத் தரையில் படுக்க வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?

இவர் என் கதவைத் தட்டிக் காட்டினார்.  இது மச்சான் வேலையா என்று முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். மனைவியைக் கேட்டு, என்னைக் கேட்டு, மச்சானுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நம்பினார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினார். படியின் அகலத்தை அந்தப் பெண் தானாகவே அளந்து அனுப்பியிருந்தார். இவர் கேட்டது வேறு: திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கட்டிலின் கால்கள் எவ்வளவு நீளம், படிக் கைப்பிடி திருகு போட்டதா, சுவரில் புதைத்ததா. அத்துடன் படிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

படம் வந்தது. அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஒரு தீப்பெட்டியில் நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகி, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தீப்பெட்டி மாட்டிக்கொண்டது. எங்கே மாட்டுகிறது என்று குனிந்து பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்று அவர் எந்த வேலையும் சொல்லவில்லை.

பதிலை எளிமையாகவே எழுதினார். கட்டிலைப் படுத்த வாக்கில் தூக்காதீர்கள். தலைப்பக்கம் மேலே இருக்கும்படி நிமிர்த்துங்கள். கால்கள் உள்மூலைப் பக்கம் பார்க்கட்டும். முதலில் மேல்கால்கள் இரண்டும் அந்த மூலையைத் தாண்டட்டும், அப்புறம் உடம்பு தானாகத் திரும்பும். அவசரப்பட்டு இழுக்காதீர்கள். மூலையில் ஒரு பழைய போர்வையை மடித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சுவர் போய்விடும்.

அதற்கப்புறம் அந்தப் பெண்ணிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. நாளை மறுநாள் என்பது வந்து போயிற்று. மனைவி கறாராக இருந்தார், ஆனால் குரல் இளகியிருந்தது. “கேள்வி கேட்டது சரிங்க. கட்டில் ஏறுச்சா?” ஏறியதா என்று இவரும் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏறவில்லை என்று பதில் வந்தால் அந்த அம்மாள் எங்கே படுத்திருப்பார் என்பதே தன் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். டைல்ஸ் கடையைப் பற்றி அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்றாம் தேதி காலை படியிறங்கினேன். திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, தேய்த்தது. முடி இருக்கும் இடம் வரை படிய வாரியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். கீழே தெருவில் மச்சானின் கார் வந்து நின்று ஒரு முறை ஹாரன் அடித்தது. இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போது போன் முனகியது. ஒரு படமும் இரண்டு வரியும். அம்மா வந்த அன்றைக்கே எழுத நினைத்ததாகவும், பார்த்துக்கொள்வதிலேயே நாள் போய்விட்டதாகவும் அந்தப் பெண் எழுதியிருந்தார். கட்டில் ஏறிவிட்டது. படத்தில் அது திறந்த கதவுக்குள் தெரிந்தது, தலைப்பக்கம் உயர்ந்திருக்க, அதில் சாய்ந்து ஒரு வயதான அம்மாள் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் படித் திருப்பம்.

கைப்பையோடு வேலைக்குக் கிளம்பிய மனைவி, பின்னாலிருந்து எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார்.  எங்கள் இருவரையும் தாண்டிப் படியிறங்கிப் போனார். கீழே ஹாரன் இன்னொரு முறை அடித்தது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு அண்ணனும் தங்கையும் பேசும் குரல், பெரும்பாலும் தங்கையின் குரல். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிப் போயிற்று.

அது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இரண்டு விரலால் படத்தை விரித்து, அந்த அம்மாளை ஒதுக்கி, கட்டிலை ஒதுக்கி, திருப்பத்தின் சுவர் மூலையைத் திரை முழுக்கக் கொண்டுவந்து, கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.